கையை விடாத வட்டம்

மின்ஜங் ஆன்ட்டி இறந்துவிட்டார் என்று அம்மா தமிழ்ப் பள்ளி வாசலில், காருக்குள் வைத்துச் சொன்னார். எஞ்சினை அணைத்த பிறகும் அவர் ஸ்டீயரிங்கை விடவில்லை. உங்களில் பலருக்கும் மின்ஜங் ஆன்ட்டியைத் தெரியும். என் தோழி யூனாவின் அம்மா. பிரிட்ஜ்வாட்டரில் எங்கள் எதிர்வீட்டுக்காரர். நம் பொங்கல் விழாக் கும்மியில் எல்லாரையும்விடச் சத்தமாகக் கை தட்டிய கொரியப் பெண்.

எங்கள் தெரு ஒரு வட்டத்தில் போய் முடியும். கொரியர்களின் அறுவடைத் திருநாளான சூசோக் அன்று, முழுநிலா ஏறும் நேரத்தில், அங்கே நிற்கும் கார்களை மின்ஜங் ஆன்ட்டி நகர்த்தச் சொல்வார். பெண்கள் கைகோத்துச் சுற்றுவோம். அவர் ஒரு வரி பாட, நாங்கள் "கங்கங்சுல்லே" என்போம். மெல்லத் தொடங்கும் நடை ஓட்டமாகிவிடும். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டேன். கொரியர்களுக்குள்ளேயே அதில் ஒத்த கருத்து இல்லையாம். ஆனால் அந்தக் காலத்துப் பெண்கள் இரவில் வெளியே வந்து வாய்விட்டுப் பாட முடிந்தது இந்த நிலவில்தான் என்றார். "அதனால் முணுமுணுக்காதே, கத்து."

முதல் தடவை, கும்மிப் பழக்கத்தில் நான் கையை விட்டுத் தட்டிவிட்டேன். ஓடிக்கொண்டிருந்த வட்டம் அறுந்து, எங்கள் தெருவிலேயே இருக்கும் உஷா ஆன்ட்டி புல்தரையில் போய் விழுந்தார். "ஏண்டி, இன்ஷூரன்ஸ் இருக்கான்னு கேட்டுட்டுத் தள்ளக்கூடாதா?" என்றார். மின்ஜங் ஆன்ட்டி சிரித்துக்கொண்டே, மோதிரம் அழுந்த என் கையைப் பிடித்தார். "தட்டுவதற்குப் பொங்கல் வரும். இங்கே பிடி."

போன ஆண்டு, சிகிச்சையால் களைத்து, பாதியில் நாற்காலிக்குப் போனார். மரியாதைக்காக அவர் இடத்தை அப்படியே விட்டோம். உட்கார்ந்தபடி அதட்டினார்: "இடைவெளி எதற்கு? வட்டத்தைச் சிறிதாக்குங்கள்." பாட்டை மட்டும் அவர் நிறுத்தவில்லை.

இந்த ஆண்டு ஆடுவதா வேண்டாமா என்று தெருவில் பேச்சு வந்தது. உஷா ஆன்ட்டி நல்ல மனதோடுதான் சொன்னார்: "ஆடலாம்மா. அவங்க இடத்துல மட்டும் ஒரு கேப் விட்டுடலாம்." யூனா தன் ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வேணாம் ஆன்ட்டி," என்றேன். "கேப் விட்டா அவங்க திட்டுவாங்க."

யூனா நிமிர்ந்தாள். அப்படியானால் முதல் வரியைத் தானே பாடுவதாகச் சொன்னாள்.

மின்ஜங் ஆன்ட்டியிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த மோதிரம் அழுந்திய வலியைத்தான். சூசோக் அன்று உங்கள் கார்களை வேறு தெருவில் நிறுத்துங்கள். யூனாவின் இடக்கையை நான் பிடித்திருப்பேன். வலக்கைக்கு உங்களில் யாராவது வாருங்கள்.