கடைசிப் பெட்டி போன பிறகு

எங்கள் வீடு தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம், நாங்கள் ஜெபிக்கப் போகும் சபை அந்தப் பக்கம். பாதை போட்டபோது நான் கைக்குழந்தை. தண்டவாளம் இல்லாத ஊரை நான் பார்த்ததில்லை. பார்க்கும் ஆசையும் இல்லை.

கேரளத்தின் தெற்கு எல்லையில், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் வளர்ந்தவர்களுக்கு ரயில் ஓடும் முறையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒற்றைப் பாதை. இரண்டு ஸ்டேஷன்களுக்கு இடையில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான். அது போய்ச் சேர்ந்த செய்தி வந்த பிறகே அடுத்த வண்டிக்கு சிக்னல் கிடைக்கும். எதிரே வரவேண்டிய வண்டி அதுவரை ஸ்டேஷனில் கிராஸிங்குக்காகக் காத்துக் கிடக்கும். அந்த வண்டிக்குள் இருந்து நாங்கள் சபித்த சாபங்கள் கொஞ்சமல்ல.

ஆனால் வெளியே நடந்துபோகிறவர்களுக்கு அதுவே காவல். வண்டிச் சத்தம் கேட்டால் நிற்போம். கடைசிப் பெட்டி கடந்ததும் இருபுறமும் பார்க்காமல் கூட்டமாக இறங்கி நடப்போம். அடுத்தது உடனே வராது. அந்தக் கணக்கு ஒருநாளும் பிசகியதில்லை. கேட் வழியாகச் சுற்றிப்போக யாருக்கும் கால் வராது.

இப்போது பக்கத்திலேயே இரண்டாவது பாதை போடுகிறார்கள். இன்னும் திறக்கவில்லை. ஆனால் ஜல்லி கொண்டுவரும் வண்டி அதில் போய்வருகிறது. பழைய பாதையில் எது போனது, எது வந்தது என்பது அதற்கு ஒரு பொருட்டே அல்ல.

அன்று ஞாயிற்றுக்கிழமை. நானும் மகளும் சபைக்குப் போனோம். பாசஞ்சர் வண்டி கடந்தது. கடைசிப் பெட்டி போனதும் அவள் வழக்கம்போல இறங்கினாள். பாசஞ்சரின் இரைச்சலுக்குள் இன்னொரு இரைச்சல் இருந்தது. நான் தற்செயலாகத் திரும்பினேன். ஜல்லி வண்டி. அவள் தோள்பையைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் கல்லில் விழுந்தோம். எங்கள் கால்மாட்டில் அது போய்க்கொண்டே இருந்தது.

சபையில் எல்லாரும் எங்களுக்காக ஜெபித்தார்கள். நன்றிக் காணிக்கை போட்டேன். ஆராதனை முடிந்து திரும்பும்போது மறுபடி ஒரு வண்டி. ஜெபித்த அதே கூட்டம், கடைசிப் பெட்டி போனதும், அதே இடத்தில், அப்படியே இறங்கியது. என் மகளும்!

அடுத்த ஞாயிறு வண்டி கடந்ததும், இறங்கும் வழியில் குடையைக் குறுக்கே பிடித்துக்கொண்டு நின்றேன்.

“எக்கா, வண்டி போயாச்சு. வழிய விடுங்க” என்றார் பாடகர் குழுத் தம்பி ஒருவர். “புது கேட் கீப்பராக்கும்? சம்பளம் உண்டா?”

“சம்பளம் இல்ல. அதுனால டிஸ்மிஸும் பண்ண முடியாது.”

சிரித்தார்கள். மகள் மட்டும் சிரிக்கவில்லை. “அம்மா, நாணக்கேடா இருக்கு. மாறி நில்லுங்க.”

“இருக்கட்டு மக்கா. நீ அந்தப் பக்கம் பாத்தியா?”

“அதான் வண்டி போயாச்சுல்லா?”

“ஒரு வண்டியாக்கும் போனது.”

புதிய பாதையில் எதுவும் வரவில்லை. துருவேறிய தண்டவாளம் சும்மா கிடந்தது. எனக்குப் பின்னால் யாரோ மலையாளத்தில், “சேச்சிக்குப் பேடி மாறியிட்டில்லா” என்றார்கள். ஆமாம், பயம் போகவில்லை. போகவும் வேண்டாம். வண்டி வராமல் போனதற்காக நான் வெட்கப்படப் போவதில்லை.

நடைமேம்பாலம் கேட்டிருக்கிறோம். அது வரும்வரை குடையோடு நிற்பேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். சிரிக்கும் நேரமாவது நின்றுதான் சிரிக்கிறார்கள்.

போன வாரம் மகள் என்னைவிட்டு நாலடி தள்ளியே நடந்து வந்தாள். குடையருகே நின்றாள். தலை அந்தப் பக்கம் திரும்பியது, பிறகு இந்தப் பக்கம். முகத்தில் கோபம் அப்படியே இருந்தது. கோபத்தோடு பார்த்தாலும் வண்டி தெரியும். குடையைத் தாழ்த்தினேன்.