காலி ஸ்லாட்டில் யார் இருக்கிறார்கள்

நான் கருவாடு விற்கிறவள். வாய் கொஞ்சம் நீளம், அது எஸ்தான்சியா துறைமுகம் முழுக்கத் தெரியும். என் கடைக்கும் நாங் பெர்தாவின் கடைக்கும் நடுவில் ஒரு ஒட்டுப்பலகைதான். நாங் என்றால் எங்கள் பேச்சில் அக்கா. இந்தப் பக்கம் நெத்திலி, அந்தப் பக்கம் லேப்டாப். ரிப்பேருக்குக் கொடுத்தவர்கள் திரும்ப வாங்கிப் போகும்போது மெஷினை மோந்து பார்த்துவிட்டு என்னை முறைப்பார்கள். முறைத்துக்கொள்ளட்டும். வாடகை நானும்தான் கொடுக்கிறேன்.

பெர்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் அவள் தூக்கத்தைச் சொல்ல வேண்டும். தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை, அப்படி ஒன்று. மதியம் சோறு உண்டு முடித்த நேரம், படகுகள் கட்டிக் கிடக்கிற தண்ணீரிலிருந்து வெளிச்சம் எழும்பி எங்கள் கூரையில் நெளியும். மேஜை விசிறி தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும். அவள் முதுகைத் திறந்து போட்ட லேப்டாப்புக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள். கையில் ஸ்க்ரூடிரைவர், கண் பாதி மூடி.

"ஏ பெர்தா, செத்துகித்துப் போயிட்டியா?"

"இல்ல தெரே. உள்ள போயிருந்தேன்."

"எங்க உள்ள?"

"இதுக்குள்ளதான். மேல இருந்து பார்த்தா நம்ம ஊர் மாதிரியே இருக்கு. தெரு இருக்கு, கிடங்கு இருக்கு, கோயில் முற்றம் கூட இருக்கு. நல்ல வெயில். ஆனா சூடே இல்ல."

"மருந்து ஏதாவது சாப்பிடு" என்பேன். அவள் சிரித்துக்கொண்டு மறுபடி உள்ளே போய்விடுவாள்.

இவள் ஒன்றும் படித்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவளில்லை. என்னோடு உட்கார்ந்து மீன் அரிந்தவள். புருஷன் எலிசியோ கப்பலில் வேலைக்குப் போனபோது அவன் முகத்தைப் பார்த்துப் பேச ஒரு பழைய லேப்டாப் வாங்கினாள். அதில் சிம் போட வழியில்லை. ரிப்பேர்காரன் நகரத்தில் இருந்தான், பஸ்ஸில் அரை நாள். இவளே மீன் செதில் ஒட்டிய கையோடு அதைத் திறந்து பார்த்தாள். உள்ளே ஒரு ஸ்லாட் காலியாகக் கிடந்தது. சிம் பிடிக்கிற கார்டு ஒன்றை வரவழைத்து அதில் சொருகினாள், மூடினாள், அவன் முகம் வந்தது. அன்றைக்கு அரிவாள்மனையைக் கழுவி வைத்தவள்தான்.

அந்தக் காலி ஸ்லாட் விஷயத்தில் அவளுக்கு ஒரு கிறுக்கு உண்டு. லேப்டாப் செய்கிறவர்கள் பல மெஷின்களில் ஒரு ஸ்லாட்டைச் சும்மா விட்டுவிடுவார்களாம். ஆனால் அதற்கு வேண்டிய இரண்டு ஒயர்களை மட்டும் மூடிக்குள் சுற்றிக் கொண்டுவந்து, நுனியில் உறை மாட்டி, பக்கத்திலேயே படுக்க வைத்திருப்பார்களாம். சிக்னல் பிடிக்கிற ஒயர்கள். யாராவது வந்து எழுப்புகிற வரைக்கும் அவை அப்படியே தூங்கும்.

"காலி இடம்னு உலகத்துல ஒண்ணு கிடையாது தெரே. நம்ம கண்ணுக்குத் தெரியாதவங்க இருப்பாங்க."

எங்கள் பக்கத்தில் புற்றைத் தாண்டும்போதும் பெரிய மரத்தடியில் ஒதுங்கும்போதும் "தாபி, தாபி" என்று சொல்லிவிட்டுத்தான் கால் வைப்போம். கொஞ்சம் நகர்ந்துக்கோங்க, மிதிச்சிடப் போறோம், கோவிச்சுக்காதீங்க, அவ்வளவுதான். நானும் சொல்வேன், எனக்கும் உயிர்மேல் ஆசை இருக்கிறது. ஆனால் பெர்தா அதை லேப்டாப்புக்குச் சொல்வாள். கார்டைச் சொருகுவதற்கு முன்னால் ஸ்லாட்டை விரல் நுனியால் தொட்டு, குனிந்து, மெதுவாக "தாபி, தாபி." பிறகு அவர்கள் மூட்டை கட்டிக் கிளம்ப நேரம் கொடுக்கிற மாதிரி சும்மா இருப்பாள். வந்தவர்கள் சிரிப்பார்கள். எல்லாரையும் விட நான்தான் சத்தமாகச் சிரிப்பேன்.

அவள் சொந்த லேப்டாப் மட்டும் மாதா படத்துக்குக் கீழே அலமாரியில் திறந்தபடி இருக்கும். அது அணைந்தே யாரும் பார்த்ததில்லை. கரண்ட் போனால் லாரி பேட்டரியில் ஓடும். எலிசியோவுக்குத் தெரிந்த ஒரே நம்பர் அதிலிருக்கிற சிம்முடையதுதான். முதல் வருஷம் வாரம் தவறாமல் கூப்பிட்டான். அப்புறம் ஒரு துறைமுகத்தில் கணக்கை முடித்து இறங்கிப் போய்விட்டான் என்று கப்பல்காரர்கள் சொன்னார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். ஒன்பது வருஷமாயிற்று.

"எந்த ஊர்ல எவளுக்குச் சோறாக்கிப் போட்டுக்கிட்டு இருக்கானோ, இவ இங்க பேட்டரி மாத்திக்கிட்டு இருக்கா" என்று அவள் முகத்துக்கு நேரேயே சொல்லியிருக்கிறேன்.

"இருக்கட்டுமே. கூப்பிட்டா எடுக்கணும்ல?" என்பாள். அவ்வளவுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த மெஷினைத் தூக்கிக் கடலில் போட எத்தனை தடவை கை பரபரத்தது தெரியுமா!

வாடைக்காற்று திரும்பப் போகிற சமயம் அது. காற்று தொடங்கிவிட்டால் வெளித்தீவுகளுக்குப் படகு ஓடாது, அதனால் தீவுக்காரர்கள் எல்லாரும் வந்து சாமான் வாங்கிக்கொண்டு போவார்கள். அப்படி வந்தவள்தான் ரொவீனா. கையைப் பிடித்தபடி எட்டு வயதுப் பெண், கிசெல். பிறந்ததிலிருந்து காது கேட்காது, பேச்சும் இல்லை. ரொவீனா துணியில் சுற்றிய லேப்டாப்பை மேஜையில் வைத்தாள்.

"நாங், இவ அப்பா கப்பல்ல இருக்காரு. ரெண்டு பேரும் கையாலதான் பேசிக்குவாங்க. எங்க தீவுல போன்ல சிக்னல் ஒரு கோடுதான். படம் நின்னு நின்னு வருது. அவரு பேசுற கை பாதியில அந்தரத்துல நிக்குது. இவ எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கிட்டு இருப்பா? ரெண்டு மாசமா அப்பா கூப்பிடுறாருன்னாலே எந்திரிச்சுக் கடலோரம் போயிடுறா. அவரு வர இன்னும் எட்டு மாசம் இருக்கு. அதுக்குள்ள இவளுக்கு அவரு யாரோ ஆயிடுவாரு நாங். அவரு அந்தப் பக்கம் அழுவுறாரு."

போனை விட மூடிக்குள் ஓடுகிற ஒயர் நன்றாகச் சிக்னல் பிடிக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பெர்தா திறந்து பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது. ஸ்லாட் காலி. ஒயர் இரண்டும் உறை போட்டுப் படுத்திருந்தன.

"பாரு தெரே, எவ்வளவு நாளாக் காத்துக்கிட்டு இருக்குதுங்க."

இழுப்பறையிலிருந்து ஒரு கார்டை எடுத்தாள். ஸ்லாட்டைத் தொட்டுத் "தாபி..." என்று தொடங்கினாள்.

"ஏ பெர்தா, சீக்கிரம் ஆகட்டும், கடைசிப் படகு போயிடும்" என்று நான் பலகைக்கு மேலே கத்தினேன்.

கார்டைச் சாய்த்துச் சொருகி, அமுக்கி, ஒற்றை ஸ்க்ரூவை முடுக்கினாள். ஒயரை அழுத்தினாள், டக், டக். பொத்தானைத் தட்டினால் திரையில் ஒரே ஒரு வரி. இந்தக் கார்டுக்கு அனுமதியில்லை, எடுத்துவிடு. அதற்கு மேல் மெஷின் நகர மாட்டேன் என்றது.

பெர்தா திரும்பி என்னைப் பார்த்தாள். "நீ நடுவுல பேசிட்ட."

"ஆமாமா, நான் பேசினதுக்குத்தான் மெஷின் மூஞ்சியத் திருப்பிக்கிச்சு!"

சொன்னேனே தவிர, இரண்டாவது தடவை அவள் குனிந்தபோது நான் வாயைப் பொத்திக்கொண்டேன். நெத்திலி வாங்க வந்தவனையும் கை காட்டி நிறுத்தினேன். அப்படியும் அதே வரிதான் வந்தது. பெர்தா கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் உள்ளே போய்விட்டு வந்தாள்.

"இது தன் கம்பெனி கார்டத் தவிர வேற எதையும் சேர்க்காது" என்றாள்.

"அடேயப்பா, சொந்தத்துல மட்டும்தான் சம்பந்தம் பண்ணுமாக்கும்!"

மணிலாவிலிருந்து வரவழைக்க வேண்டும். வருவதற்குள் காற்று திரும்பிவிடும். காற்று திரும்பினால் ரொவீனா மறுபடி கரைக்கு வருவது எப்போதோ. அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். கிசெல் தலையை அண்ணாந்து கூரையில் நெளிகிற வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அம்மாவின் தோளைத் தட்டிக் கையால் ஏதோ சொன்னது.

"வீட்டுக்குப் போலாம்ங்கிறா. அப்பா வேணாமாம்" என்றாள் ரொவீனா.

பெர்தா மெல்லத் தலையைத் திருப்பினாள். மாதா படம் இருந்த அலமாரியின் பக்கம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளுடையதும் அதே கம்பெனி மெஷின்தான், அதே ரகம், உள்ளே இருந்த கார்டும் அந்தக் கம்பெனியுடையதுதான்.

"வேணாம் பெர்தா" என்றேன். நான்தான் சொன்னேன்! அதைக் கடலில் போட நினைத்த நான்.

அவள் எழுந்து போய் அந்த லேப்டாப்புக்கு முன்னால் நின்றாள். விசிறி அவள் முடியைப் பறக்கவிட்டது, அடக்கியது, மறுபடி பறக்கவிட்டது. பொத்தானை அழுத்தினாள். பலகை இடுக்கு வழியாக ஒன்பது வருஷமாக என் பக்கம் தெரிந்துகொண்டிருந்த சின்னப் பச்சை வெளிச்சம் அணைந்தது. அதற்குள் ஒரு இரைச்சல் ஓடிக்கொண்டிருந்தது என்பதே அது நின்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கடல் சத்தம் கடைக்குள் வந்தது.

அதன் முதுகைத் திறந்து கழற்றிய கார்டு அவள் உள்ளங்கையில் இருந்தது, கட்டைவிரல் அளவுதான். தூசியைத் துடைத்து, மோந்து பார்த்து, "உன் நெத்திலி வாசம்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு ரொவீனாவின் மெஷினுக்குக் குனிந்து "தாபி, தாபி" சொன்னாள். நானும் என் வாய்க்குள் சொன்னேன். நெத்திலி வாங்க வந்தவன்கூடச் சொன்னான் என்று நினைக்கிறேன்.

மெஷின் திறந்துகொண்டது. ரொவீனா தன் சிம்மைப் போட்டுக் கூப்பிட்டாள்.

கிசெலின் அப்பா ஜோமார் கழுத்தில் துண்டோடு திரையில் வந்தான். கப்பல் சிங்கப்பூருக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றதாம். கிசெல் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டது. அவன் கையைத் தூக்கிப் பேசத் தொடங்கினான். பேசிக்கொண்டே இருந்தான். பெண் ஓரக்கண்ணால் பார்த்தது. கை நிற்கவில்லை. இன்னும் பார்த்தது. கை ஓடிக்கொண்டே இருந்தது. உடம்பு முழுக்க மெல்லத் திரும்பியது.

அவன் என்னவோ கேட்டான். பெண் பதில் சொன்னது. அவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

"என்னவாம்?" என்று கேட்டேன்.

ரொவீனா திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். "ஏன் இத்தனை நாள் வரலைன்னு கேட்டாரு. நீங்கதானே நின்னுட்டீங்கன்னு சொல்லுறா."

அப்புறம் அந்தக் குட்டியின் கையை யாராலும் பிடிக்க முடியவில்லை. பல் விழுந்தது, ஆடு குட்டி போட்டது, புயலில் பக்கத்து வீட்டுத் தகரம் பறந்தது என்று ரொவீனா கொஞ்ச நேரம் எங்களுக்குச் சொல்லிப் பார்த்தாள், பிறகு விட்டுவிட்டாள். சொல்லாமலேயே புரிந்தது. ஒரு சத்தம் கிடையாது. அவ்வளவு பேச்சும் கூரை வெளிச்சத்துக்குக் கீழே நடந்துகொண்டிருந்தது. பெர்தா ஸ்க்ரூடிரைவரைப் பிடித்தபடி அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த முறை கண்ணை முழுசாகத் திறந்து வைத்திருந்தாள்.

படகுக்காரன் சங்கு ஊதின பிறகு பெண்ணை இழுத்துக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. பொழுது சாய்கிற நேரத்தில் ரொவீனாவிடமிருந்து செய்தி வந்தது. தீவிலும் படம் நிற்காமல் ஓடுகிறது, இன்னும் பேசி முடிக்கவில்லை என்று.

பெர்தா தன் சிம்மைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். என் மனசு கேட்கவில்லை.

"ஏ பெர்தா, என்கிட்ட ஒரு பழைய போன் கிடக்கு. அதுல போட்டு வை. மணிலாவுக்குச் சொல்லி உன் மெஷினுக்கும் வேற கார்டு வாங்கிடலாம். அதுக்குள்ள ஒண்ணும் ஆயிடாது."

"வேணாம் தெரே."

"ஏன்டி? நான் கிண்டல் பண்ண மாட்டேன், சத்தியமா."

"அதுக்கில்ல. அந்தக் குட்டிக்கு ரெண்டே மாசத்துல சொல்றதுக்கு எவ்வளவு சேர்ந்து போயிருந்துச்சு, பார்த்தியா? எனக்கு ஒன்பது வருஷம். இப்ப இந்த நிமிஷம் அந்த ஆளு கூப்பிட்டா என்ன சொல்லுவேன்னு யோசிச்சுப் பார்த்தேன். உட்கார்ந்து நல்லா யோசிச்சேன் தெரே. சொல்றதுக்கு எனக்கு ஒண்ணுமே இல்ல."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. பலகையைப் பிடித்துக்கொண்டு, சந்தை பார்க்க, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன். அவள் அழவில்லை. சிம்மை மேஜைமேல் கிடந்த ஸ்க்ரூக்களோடு போட்டுவிட்டு, வயிற்றைத் தடவிக்கொண்டு, சோறு மிச்சமிருக்கிறதா என்று என்னைக் கேட்டாள்.