சண்டை போடாத கல்லீரல்

நோயில்லாத ஆளின் ரத்தம் தேவைப்பட்டால், எங்கள் ஆய்வுக்கூடத்தில் யாராவது ஒருவர் கையை நீட்டிவிடுவோம். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஏற்காட்டு மலையில் காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரின் மகளான நான், சென்னையில் உதவியாளராக வேலை பார்த்தேன். ஹெபடைடிஸ் பி வைரஸின் புரதங்கள் கல்லீரல் செல்களை என்ன செய்கின்றன என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை.

அன்று என் முறை. நோயாளிகளின் ரத்தத்தோடு ஒப்பிட என் ரத்தத்தையும் பரிசோதனைத் தட்டில் வைத்தோம். வைரஸ் இருந்தால் மஞ்சள் நிறம் வரும்; அவர்களுடையதைப் போலவே என்னுடையதும் மஞ்சளாக மாறியது.

குழாய் மாறிப்போயிருக்கும் என்று நினைத்தேன். மறுபடி எடுத்துப் பார்த்தேன். அதே மஞ்சள்.

ஆய்வுக்கூடத்தின் தலைவியான மேடத்திடம் போய் நின்றேன். தட்டை நீட்டினேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"உட்காரும்மா. உனக்கு எப்பவாவது காமாலை வந்திருக்கா?"

"இல்லைங்க மேடம்."

"அப்போ பிறந்தப்பவே அம்மாகிட்டேயிருந்து வந்திருக்கும்."

என்னால் நம்ப முடியவில்லை. இருபத்து மூன்று வருடங்களாக உள்ளே இருந்த ஒன்றை என் உடம்பு எப்படிக் கவனிக்காமல் விட்டது?

செல்லுக்குள் வைரஸ் புகுந்தால், அந்தச் செல் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தை வெளியே அனுப்பும். அந்தத் தகவல் கிடைத்ததும் பக்கத்துச் செல்கள் தயாராகிவிடும். எதிர்ப்புச் செல்களும் வந்து சேரும். ஆனால் இந்த வைரஸின் ஒரு புரதம் உள்ளே இருந்தால், இன்டர்ஃபெரானை ஊற்றினாலும் செல்கள் மந்தமாகவே கிடப்பதை நானே பார்த்திருந்தேன். மேடம் இன்னொரு புரதத்தைப் பற்றியும் சொன்னார். அது தாயின் ரத்தத்திலிருந்து கருவுக்குள் போய்விடக்கூடுமாம். பிறக்காத குழந்தையின் உடம்பு அதைத் தன்னுடையது என்றே பழகிக்கொள்ளும். பிறகு வைரஸே வந்தாலும் எதிர்க்காது. எலிகளை வைத்து அப்போதுதான் அப்படிச் சொல்லத் தொடங்கியிருந்தார்கள்.

வேலை போயிற்று என்றே நினைத்தேன். மேடம் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். "நாளைக்கு வழக்கம்போல வா. கையுறை இங்கே எல்லாருக்கும்தான், உனக்கு மட்டும் இல்லை." அவருக்கு நான் பட்ட நன்றிக்கடன் இன்றும் தீரவில்லை.

விடுமுறையில் ஊருக்குப் போய் அம்மாவைச் சேலத்துக்கு அழைத்துப்போனேன். அவர் ரத்தத்திலும் வைரஸ் இருந்தது. எங்கள் ஊரான மாரமங்கலத்துக்குப் போகும் பஸ்ஸில், எங்கள் உடம்பு ஏன் அதை எதிர்க்கவில்லை என்று அம்மாவுக்கு விளக்கிச் சொன்னேன்.

"அப்ப நாந்தான் உனக்குக் குடுத்துட்டனா, கண்ணு?"

"உங்களுக்கே தெரியாதேம்மா. உங்களுக்கும் உங்கம்மாகிட்ட இருந்து வந்திருக்கும்."

"நம்ம ஒடம்பு அதுகூடச் சண்டையே போடலைங்கறயே. அது நல்லதா, கெட்டதா?"

இதுவரை எந்த மருத்துவரும் என்னிடம் இவ்வளவு நேராகக் கேட்டதில்லை. இரண்டும்தான் என்றேன். கல்லீரலைக் கெடுப்பது பெரும்பாலும் வைரஸ் இல்லை, அதோடு நடக்கும் சண்டைதான். சண்டை இல்லாததால் எங்கள் ஈரல் இத்தனை நாள் தப்பியது. அதனாலேயே வைரஸும் தங்கிவிட்டது. எப்போது சண்டை மூளும் என்று சொல்ல முடியாது, ஆகவே வருடா வருடம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"பாத்துக்கலாம்" என்றார் அம்மா. வீட்டுக்கு வந்ததும் தன் டம்ளரைத் தனியே எடுத்து வைத்தார். சாப்பாட்டில் இது பரவாது என்று நான் அதே டம்ளரில் காப்பி குடித்துக் காட்டியபிறகுதான் சிரித்தார்.

என்னைப் பெண் கேட்டு வந்தவர் ஏற்காட்டு மிஷன் பள்ளி ஆசிரியர். மறைக்காமல் சொல்லிவிட்டேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "கொழந்தைக்கு வராம தடுக்க வழி இருக்குதுங்களா?" இருக்கிறது என்றேன். கல்யாணத்துக்கு முன்பே அவரும் தடுப்பூசி போட்டுக்கொண்டார்.

பிரசவத்தைச் சேலத்தில் வைத்துக்கொள்ளத்தான் திட்டமிட்டிருந்தோம். குழந்தை அவசரப்பட்டது. அடைமழையில் சேலத்துக்கு இறங்கும் பெரிய ரோட்டில் பாறை சரிந்து கிடந்த அன்று காலை, ஏற்காட்டிலேயே மகள் பிறந்தாள். பிறந்த அன்றே குழந்தைக்குப் போட வேண்டிய தடுப்பூசி, எதிர்ப்புப் புரத ஊசி இரண்டும் சேலத்தில்தான் கிடைக்கும். எனக்கு வலி எடுத்தபோதே கணவர் குப்பனூர் வழியாகச் சுற்றிப் போகும் பஸ்ஸைப் பிடித்து மலையிறங்கிவிட்டிருந்தார்.

அந்தப் பகல் முழுக்க நான் குழந்தையின் முகத்தைவிட வாசலைத்தான் அதிகம் பார்த்தேன். மாலைக்கு முன் நனைந்து போய் வந்து சேர்ந்தார், கையில் ஒரு ஃப்ளாஸ்க்.

"மருந்துக்கடைக்காரர் அவரோட காப்பி ஃப்ளாஸ்க்கைக் கழுவி ஐஸ் போட்டுக் குடுத்தாருங்க சிஸ்டர்" என்று நர்ஸிடம் நீட்டினார். அந்தக் கடைக்காரரை நான் பார்த்ததுகூட இல்லை. நர்ஸ் இரண்டு தொடையிலும் ஊசி போட்டார். மகள் வீறிட்டாள். நான் அழுதுகொண்டே நர்ஸைக் கும்பிட்டேன்.

மீதி ஊசிகளும் போட்டு, ஒரு வயது தாண்டியபின் சேலத்தில் சோதித்தோம். வைரஸ் இல்லை. எதிர்ப்புச் சக்தி நன்றாக இருந்தது. திரும்பி வரும்போது ஏற்காட்டின் ஒண்டிக்கடை நிறுத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அம்மா, நேரே டீக்கடைக்காரரிடம் போனார்.

"ஏனுங்க, எம் பேத்திக்கு ரத்தம் சுத்தமா இருக்குதுங்க!"

அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. இருந்தாலும் பால் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, "நொம்ப சந்தோசமுங்க" என்று குழந்தையின் கையில் ஒரு பன் கொடுத்தார்.