கரண்ட் நின்றால் மறந்துவிடும் போன்

கெட்டுப்போன போனைச் சரிசெய்து கொடுப்பது என் பிழைப்பு. செய்து முடிக்கப்படாத போனை அப்படியே வைத்திருப்பது என் கிறுக்கு. தபால்தலை, பழைய ரேடியோ, தீப்பெட்டிப் படம் என்று எதையாவது சேர்த்து வைத்துக்கொண்டு வீட்டில் திட்டு வாங்கும் அன்பர்களுக்கு இதை நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

ஒரு கம்பெனி புதுப் போனைக் கடைக்கு அனுப்பும் முன், சோதித்துப் பார்க்கச் சிலவற்றைச் செய்யும். அவற்றின் முதுகில் பெயர் இருக்காது. மார்க்கரால் எழுதிய எண் மட்டும் ஒட்டியிருக்கும். சோதனை முடிந்ததும் உடைத்துப் போட்டுவிடுவார்கள். தப்பித்து வருபவை காயலான் கடை மூட்டையிலோ, இன்ஜினியர் பிள்ளைகளைப் பெற்றவர்களின் மேசை டிராயரிலோ கிடக்கும். எங்கே என்ன தவறு நடந்தது, அதை எப்படித் திருத்தினார்கள் என்பதெல்லாம் அந்த அரைகுறைப் போன்களில்தான் தெரியும். வண்டியூர் தெப்பக்குளம் பக்கத்தில், வீட்டின் முன்னறையையே கடையாக்கி உட்கார்ந்திருந்த எனக்கு அப்படி முப்பத்தொரு போன்கள் சேர்ந்தன.

சிக்கந்தர் செய்த உதவி

பக்கத்துக் கடை சிக்கந்தர் போன் கவரும் ஹெட்செட்டும் விற்பவன். என்னைவிடப் பத்து வயது இளையவன். ஒருமுறை நான் சாமான் வாங்க டவுனுக்குப் போனபோது கடையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். அன்று மேசைமேல் ஒரு சோதனைப் போன் இருந்தது. பித்தானை அமுக்கினால் மூன்று நிமிடம் கழித்துத்தான் விழிக்கும். அந்த மூன்று நிமிடத்துக்காகவே நான் அதை ஆசையாக வைத்திருந்தேன்.

திரும்பி வந்து பார்த்தால் போன் பளபளவென்று இருந்தது. கடைக்கு வந்த மாடலின் மென்பொருளை ஏற்றி, தின்னர் போட்டு எண் ஒட்டிய தாளைச் சுரண்டி, புதுக் கண்ணாடியும் மாற்றியிருந்தான். அமுக்கியதும் விழித்தது. என் மூன்று நிமிடம் போயே போய்விட்டது. அவன் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னான்:

“எம்புட்டு நேரம் மெனக்கெட்டேன் தெரியுமாண்ணே? ஒரு டீயாவது சொல்லுங்க!”

சார்ஜரோடு வந்த வாத்தியார்

தேவசகாயம் சார் மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் காலை, திரையில் எழுதும் பேனாவோடு கூடிய ஒரு தடித்த போனையும் சார்ஜரையும் தூக்கிக்கொண்டு வேகமாக உள்ளே வந்தார். “முதல்ல எங்கயாவது சொருகுங்க தம்பி, பிறகு பேசுவோம்” என்றார்.

அவர் மகள் எஸ்தர் பெங்களூரில் ஒரு சிறிய கம்பெனியில் மூன்று வருஷம் உழைத்துச் செய்த போன் அது. கடைக்கு வரும் முன்பே கம்பெனியை மூடிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவள் அதைச் சார்ஜில் போட்டுவிட்டு, அதே மாதம் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டாள். போனில் கேட்டால், “குப்பையில போடுங்கப்பா” என்கிறாளாம். சாருக்கு மனசு வரவில்லை. ஒயரைப் பிடுங்கவும் பயம். இப்போது பேட்டரி உப்பிவிட்டது.

திறந்து பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்தது. அந்தக் காலத்துப் போன்கள் சிலவற்றில், மென்பொருளில் பாதி, மின்சாரம் இருக்கும்வரைதான் நினைவில் நிற்கும். சார்ஜ் முழுவதும் தீர்ந்தால் எல்லாம் போய்விடும். அவளும் கூட்டாளிகளும் எழுதிய திரைகள், சோதனைக் குறிப்புகள் எல்லாம் அங்கேதான் இருந்தன. கம்ப்யூட்டரில் இணைத்து நகலெடுக்கும் கருவி அந்தக் கம்பெனியில் மட்டும்தான் இருந்தது; அதுவும் கம்பெனியோடு போய்விட்டது. திரைகளைப் படம் எடுத்து வைக்கலாம். ஆனால் ஓடுவதைப் பார்ப்பது வேறு. சாரிடம் சொன்னேன். அவர் போனை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்:

“எங்க வீட்ல இருந்தா அவ வந்ததும் தூக்கிப் போட்டுருவா. நீங்களே வச்சுக்கங்க தம்பி. இது ஓடிக்கிட்டு இருக்கையிலேயே ஒரு நாளைக்கு அவளைக் கூட்டியாரேன். நம்ம செஞ்சது வீணாப் போகலன்னு அவ ஒரு தடவை பாத்துட்டாப் போதும்.”

ஐந்து நிமிட ஆபரேஷன்

பேட்டரியைக் கழற்றினால், உள்ளே இருக்கும் பொட்டு அளவு பேட்டரி ஐந்து நிமிடம்தான் தாங்கும். அதற்குள் மாற்ற வேண்டும். அந்த அளவில் பேட்டரி எங்கும் கிடைக்காது. நானே வேறு பேட்டரியை எடுத்து ஒயர் பற்றவைத்துத் தயார் செய்வேன். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இது நடக்கும். ஒவ்வொரு முறையும் சார் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்துவிடுவார். முதல் தடவை நான் ஸ்க்ரூவில் கை வைத்தபோது என் தோளுக்குப் பின்னாலிருந்து கேட்டார்:

“தம்பி, நான் ஜெபம் பண்ணட்டுமா, டார்ச் அடிக்கட்டுமா?”

அழகர்கோவிலில் ஒரு பிளக்

ஒரு நாளைக்குப் பல மணி நேரம் கரண்ட் போன வருஷங்கள் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். அந்தச் சமயத்தில் என் மனைவி முத்துலட்சுமியின் அக்கா பேரனுக்கு அழகர்கோவிலில் காதுகுத்து. நான் செய்து மாட்டிய பேட்டரி ஒயர் இல்லாமல் சில மணி நேரம்தான் தாங்கும்; போனை வீட்டில் விட்டுப் போக முடியாது. மஞ்சள் பையில் போட்டுக் கொண்டு போனேன். கறிக்குழம்பு வாசனையில் ஊரே பந்தியைத் தேட, நான் சுவர் சுவராகப் பிளக் தேடினேன். கடைசியில் முத்துலட்சுமிதான் மைக்செட்காரரிடம் பேசி, ஜெனரேட்டரில் ஓர் இடம் வாங்கிக் கொடுத்தாள். நான் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்; இலையை அங்கேயே கொண்டுவந்து பரிமாறினாள். அவள் அக்கா, “உன் வீட்டுக்காரருக்கு என்னடி ஆச்சு?” என்றாள். முத்துலட்சுமி குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

“ஊர்ல ஒருத்தி புருசன் குடிக்கிறான், ஒருத்தி புருசன் சீட்டாடுறான். எனக்கு வாச்சது பிளக் தேடுது. பரவால்ல, கண்ணுக்கு எட்டுன தூரத்துலயே இருக்கும்.”

முன்னறைப் பிளக்

முத்துலட்சுமி இறந்துபோன அன்று குளிர்பெட்டி கொண்டுவந்த ஆட்கள், பெரிய பிளக் எங்கே என்று கேட்டார்கள். முன்னறையில் ஒன்றுதான் இருந்தது. அதில் மாட்டியிருந்த எக்ஸ்டென்ஷன் பெட்டியைப் பிடுங்கி வழிவிட்டது நான்தான். அதில்தான் அந்தப் போன் சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தது என்ற எண்ணமே எனக்கு வரவில்லை.

மூன்றாம் நாள் காரியம் முடிந்து, உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகுதான் நினைவு வந்தது. மேசையில் போன் இல்லை. சிக்கந்தர் துக்கத்துக்காகத் தன் கடையையும் மூன்று நாள் மூடியிருந்தான். அவன் ஷட்டரைப் பாதி தூக்கி என்னை உள்ளே கூப்பிட்டான். போன் அங்கே சார்ஜில் இருந்தது. கரண்ட் போனால் மாட்ட, வாடகைக்கு எடுத்த ஓர் இன்வெர்ட்டரும் பக்கத்தில் இருந்தது. நான் அவன் கையைப் பிடித்தேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:

“அக்கா எத்தனையோ தடவை சொல்லியிருக்குண்ணே, ‘அந்த ஒயரு கழண்டா இந்த மனுசன் சோறு திங்காது’ன்னு. நீங்க எப்படியும் திங்கப் போறதில்ல. சரி, ஒயரையாவது மாட்டி வைப்போம்னு எடுத்தாந்தேன்.”

எஸ்தர் வந்த நாள்

பல கிறிஸ்துமஸுக்கு எஸ்தர் ஊருக்கு வந்து போனாள். கடைக்கு மட்டும் வரமாட்டாள். “அந்தப் பேச்சே வேணாம்ப்பா” என்றுவிடுவாளாம். போன வருஷம் சாருக்கு எண்பத்திரண்டு ஆனது. “எனக்கு வேற எதுவும் வேணாம், அஞ்சு நிமிசம் வந்துட்டுப் போ” என்று கேட்டு, கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். சிக்கந்தர் கடையை விட்டு ஓடிவந்தான். நான் போனை ஒரு துண்டில் வைத்து அவளிடம் நீட்டினேன்.

அவள் அதை எடுத்தாள். திரையைப் பார்க்கவில்லை. இடது பெருவிரல் பித்தானை அமுக்கியது. வலது கை பேனாவை உருவி, போனின் அடியில் இருந்த ஊசித்துளையில் குத்தியது. திரை வெள்ளையாகி, அணைந்து, மறுபடி எரிந்தது. உள்ளே ஒன்றுமில்லை. பதினெட்டு வருஷம் நாங்கள் காத்தது ஒரு நொடியில் போய்விட்டது.

எங்கள் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். “ஐயோ… காலையில ஆபீஸுக்கு வந்ததும் எல்லாத்தையும் அழிச்சுட்டு மறுபடி ஏத்துறதுதான் முதல் வேலை. நேத்தைய மிச்சம் உள்ள இருந்தா டெஸ்ட் தப்பாயிரும். கை தானாப் போயிருச்சுண்ணே!” என்றாள். சிக்கந்தர் தலையில் கை வைத்து, “ரெண்டு கடைக்காரனும் சேந்து பால் குடுத்து வளத்த பிள்ளைம்மா! ஒரே குத்துல முடிச்சுட்டியே!” என்றான். அவள் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள்.

எனக்குக் கோபம் வரவில்லை என்று எழுதினால் அது பொய். ஆனாலும் சேகரிப்பவன் புத்தி போகாதே! அந்தத் துளையை ஏன் அடியில் வைத்தீர்கள் என்று கேட்டேன். “முதல்ல பக்கவாட்டுலதான் இருந்துச்சு. தெரியாம யாரும் குத்திரக் கூடாதுன்னு நான்தான் சண்டை போட்டு அடியில மாத்துனேன்” என்று சொல்லிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

சாயங்காலம் வரை பேசினாள். ஓடும் ஆட்டோவில் எழுத்து எழுதிச் சோதித்தது, மழையில் நனைத்தது, யாருடைய யோசனை எந்தத் திரையானது, பேனாவே வேண்டாத போன்கள் சந்தைக்கு வந்ததும் ஒரு மத்தியானம் எல்லோரையும் கூப்பிட்டு மூடுகிறோம் என்று சொன்னது. ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கம் முழுக்க நான் எழுதித் தீர்த்தேன். சார் டீயை ஆறவிட்டு மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். படி இறங்கும்போது என் காதருகில் சொன்னார்:

“இம்புட்டு வருசமா அதை ஓட்டிக் காட்டணும்னே இருந்தேன் தம்பி. அது நின்னதுக்கு அப்புறந்தான் இவ வாயைத் தொறக்குறா.”

ஆகவே சேகரிக்கும் அன்பர்களே, ஒரு பொருளைச் செய்தவரே உங்கள் வீட்டுக்கு வந்தால் நாற்காலி போடுங்கள், டீ கொடுங்கள், நாள் முழுக்கப் பேச விடுங்கள், பொருளை மட்டும் அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள்.