செந்தாமரையும் பொட்டு வைத்த ஸ்பேனரும்

பென்னலூர் செந்தாமரை தலையணைக்கடியில் ஸ்பேனர் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறாள் என்று ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸில் ஒரு பேச்சு. கையில் இரும்பு இல்லாவிட்டால் வலிப்பு வந்துவிடுமாம். அவள் புருஷன் பிரசன்னாவே சொன்னானாம். அந்த ஆள் வாயைத் திறப்பதே சோற்றுக்குத்தான். அதை ஒருத்தரும் யோசிக்கவில்லை. நடந்தது வேறு, கேளுங்கள்.

கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் செந்தாமரை பிரஸ் மெஷின் ஓட்டுகிறவள். ஆயுத பூஜையன்று அங்கே கயிறு இழுக்கும் போட்டி. பேக்கிங் பெண்களைக் குப்புறத் தள்ளியே தீருவேன் என்று முதல் ஆளாக நின்றாள். இழுத்த இழுப்பில் நெஞ்சு தாறுமாறாக அடித்தது, சாய்ந்துவிட்டாள். கைகால் உதறியது. வலிப்புதான் என்று முடிவுகட்டிய கூட்டம் இரும்பைத் தேடியது. கூட வேலை செய்யும் காவேரி அக்கா, பூஜையில் பொட்டு வைத்திருந்த ஸ்பேனரை எடுத்து வந்து அவள் உள்ளங்கையில் திணித்தாள். சற்று நேரத்தில் செந்தாமரை கண் விழித்தாள். பேர் ஸ்பேனருக்குப் போயிற்று.

வினை அங்கேதான் பிடித்தது. வலிப்புக்காரியை பிரஸ்ஸில் விடமுடியாது, டாக்டரிடம் காட்டிவிட்டு வரும்வரை வீட்டிலிரு என்றுவிட்டார் சூப்பர்வைசர் வனமாமலை. பர்மனென்ட் ஆகப்போகிற நேரம். செந்தாமரைக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

தலைக்கு எடுத்த டெஸ்ட் சுத்தம். படுக்கவைத்து எடுத்த ஈசிஜியும் சுத்தம். இதய டாக்டர் சுகப்பிரியாதான், முன்பு எப்போதாவது விழுந்ததுண்டா, அப்போது என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்டார். ஒருமுறை பஸ்ஸைப் பிடிக்க ஓடியது. இன்னொருமுறை நாத்தனாரோடு சண்டை. உடனே டிரெட்மில்லில் ஏற்றினார். வேகம் கூடக்கூட, துடிப்பு வரிசை தப்பிக் குதித்தது.

டாக்டர் விளக்கினார். இதயத் தசையின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் கால்சியத்துக்கு ஒரு கிடங்கு உண்டு. அதன் கதவு திறந்து கால்சியம் வெளியே வந்தால் தசை சுருங்கும். திரும்ப உள்ளே போனால் தளரும். இவளுக்குப் பிறவியிலேயே கதவு லூஸ். ஓடினாலோ கொதித்தாலோ நேரங்கெட்ட நேரத்தில் கசிகிறது.

"சங்கு ஊதறதுக்கு முன்னாடியே கம்பெனி கேட்டுல ஆளுங்க நழுவிகினு வந்து மெஷினப் போட்டா லைன் இன்னா ஆவும், அந்த மாதிரியா மேடம்?"

அதேதான் என்றார் டாக்டர். தினமும் மாத்திரை, ஒருநாளும் விடக்கூடாது; ஓட்டமும் கயிறும் கூடாது. அன்று விழுந்தவள் எழாமலே போயிருக்கக்கூடும் என்பதையும் மறைக்கவில்லை.

கால்சியம் என்ற சொல் மட்டும் பஸ்ஸேறிவிட்டது. ஆளாளுக்குப் பாலும் கேழ்வரகுக் கூழுமாக வந்தார்கள். குறைச்சல் இல்லை, கசிவு என்று சொல்லிப் பார்த்தாள். கூழ் நன்றாக இருந்ததால் அதற்குமேல் வாதாடவில்லை.

மாத்திரை பிடித்தபின் மறுபடி டிரெட்மில்லில் ஏறினாள். துடிப்பு ஒழுங்காக வரிசையில் நின்றது. வலிப்பு இல்லையென்று தெரிந்த வனமாமலை, பிரஸ் வேண்டாம், உட்கார்ந்து பாகங்களைச் சோதிக்கிற வேலை இருக்கிறது என்றார். "பர்மனென்ட் குடு சார், உக்கார்றேன்" என்றாள். கிடைத்தது.

திரும்பிப்போன முதல் நாள், பஸ்ஸில் எல்லோரும் பார்க்க, மஞ்சள் துணியில் சுற்றிய குட்டி ஸ்பேனரை நீட்டினாள் காவேரி அக்கா. செந்தாமரை அதை அவள் மடியிலேயே திருப்பிப் போட்டாள்.

"யக்கா, எனுக்கு வலிப்பே கெடையாது. தலகாணிகிட்ட கீறது மாத்திர. இரும்பு என்னை எழுப்பல, நானா எழுந்தேன். இன்னொருவாட்டி வுழுந்தா ஸ்பேனரத் தேடிகினு ஓடாத. நெஞ்ச அமுக்கு, ஆம்புலன்ச கூப்புடு."