புதுத்தரையில் ஊற்றிய மஞ்சள் தண்ணீர்

எங்கள் ஒற்றை அறைக் காம்பராவின் சீமெந்துத் தரை, பெருக்கப் பெருக்கப் புழுதி கொடுக்கும். மழை பிடித்தால் வியர்த்து வழியும். கேகாலைப் பக்கம் றப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களில் பாதித் தரை இப்படித்தான். நானும் என் மனைவியும் இப்படிப்பட்ட தரையில் உருண்டு வளர்ந்தவர்கள்தான். எங்களுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. ஆனால் மகள் மாதம் நிறையாமல் பிறந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தவளைப் பார்த்தபோது எனக்கு அழுகைதான் வந்தது. வீட்டுக்குக் கொண்டுபோனால் புழுதியும் ஆகாது, ஈரமும் ஆகாது, மூச்சுக்குக் கெடுதல் என்று தாதி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

கொழும்பில் தரை போடுவதுதான் என் தொழில். ஊரான் வீட்டையெல்லாம் பளபளக்க வைத்துவிட்டு என் வீட்டில் புழுதி! முதலாளியிடம் வாய்விட்டுக் கேட்டேன். மாடி வீடொன்றில் மிஞ்சிய வினைல் பலகைகளைக் கொடுத்தார். பாதி தேக்கு நிறம், பாதி சாம்பல். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பதா? பஸ்ஸில் கண்டக்டரோடு சண்டை போட்டு ஏற்றிக்கொண்டு வந்தேன்.

குழிகளைச் சீமெந்தால் அடைத்து, காயவிட்டு, அதன் மேல் மெல்லிய பஞ்சு விரிப்பைப் பரப்பினேன். இந்தப் பலகைக்கு ஆணியும் வேண்டாம், பசையும் வேண்டாம். ஒன்றின் நாக்கை மற்றதன் பள்ளத்தில் சாய்த்துச் செருகி அமுக்கினால் 'டக்'கென்று பிடித்துக்கொள்ளும். லயத்தின் மேட்டு முனையில் இருக்கும் அக்காதான், றப்பர் பால் வெட்டிவிட்டு வந்த கையோடு, பலகைகளை எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொரு 'டக்'குக்கும் சிரித்தார். அவருக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து இரண்டும் தங்கவில்லை. அதைப் பற்றி அவரும் பேசமாட்டார், நாங்களும் கேட்பதில்லை.

வெயிலில் பலகை விரியும் என்பதால் சுவரோரம் விரல் அகலத்துக்கு இடைவெளி விட வேண்டும். அதைக் கடைசியில் ஒரு சட்டம் அடித்து மூடுவோம். சட்டம் அடிப்பதற்குள் பிள்ளையை வீட்டுக்கு விடுகிறார்கள் என்று செய்தி வந்தது. சாவியை அக்காவிடம் கொடுத்துவிட்டு ஓடினேன்.

மனைவியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்து த்ரீவீலில் இருந்து இறங்கினால், வாசலில் அக்காவும் ஐந்தாறு பெண்களும் ஈர வாளிகளோடு சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். உள்ளே மஞ்சள் வாசம். காலை வைத்தேன், பலகைக்கு அடியில் 'சளக்' என்றது. பிள்ளை பிறந்து வீட்டுக்கு வரும்முன் தீட்டுப் போக வீட்டை மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவுவது எங்கள் வழக்கம். சீமெந்துத் தரையென்றால் தண்ணீர் வாசல் வழியாக ஓடிவிடும். இங்கே வாளி வாளியாக ஊற்றியதெல்லாம் சுவரோர இடைவெளியில் இறங்கிப் பஞ்சுக்குள் உட்கார்ந்துவிட்டது.

எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. யாரைக் கேட்டு ஊற்றினீர்கள், கண் பொட்டையா என்று லயமே கேட்கக் கத்தினேன். அக்காவின் முகம் செத்துவிட்டது.

"தண்ணி ஊத்தாம புள்ளைய எப்படித் தம்பி உள்ள எடுக்கிறது?" என்றார். பிறகு தணிந்த குரலில், "என் புள்ளைங்களுக்கு வீடு கழுவ ஆளில்ல. அவசரத்துல கழுவாமலே உள்ள தூக்கிட்டுப் போயிட்டேன்," என்றார்.

அதைக் கேட்டும் ஒருத்திக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "புள்ள தங்காதவ முன்னுக்கு நின்னு ஊத்துனா இப்படித்தான்," என்றாள். அவள் கையிலும் ஈர வாளி இருந்தது! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த வாளியைப் பிடுங்கி அவள் தலையிலேயே கவிழ்த்திருப்பேன். மனைவி முந்திக்கொண்டாள். "அக்கா, புள்ளையப் புடிங்க. ஒங்க மேட்டு வீட்டுலதான் ஈரமில்ல," என்று பிள்ளையை அவர் கையில் கொடுத்துவிட்டாள். அக்கா தன் முந்தானையால் பிள்ளையை மூடிக்கொண்டார்.

தாயும் பிள்ளையும் அக்கா வீட்டில் தங்கினார்கள். நான் கடைசி வரிசையிலிருந்து பலகைகளைச் சாய்த்துச் சாய்த்துக் கழற்றினேன். கழற்ற முடிகிற தரையாக இருந்தது எங்கள் புண்ணியம். லயத்தில் ஆளுக்கொரு அடுக்காக வாங்கித் துடைத்துத் தங்கள் இஸ்தோப்புத் திண்ணையில் சாத்தி வைத்தார்கள், வாய்க்காரியும்தான் வந்தாள். விரிப்பைப் புகைக்கூடத்தில் றப்பர் ஷீட்டோடு தொங்கவிட்டால் ஒரே இரவில் காய்ந்துவிடும் என்று ஒரு மாமா யோசனை சொன்னார். பிள்ளைமேல் பிறகு றப்பர் ஒட்டுப்பால் நாற்றம் அடிக்கும் மாமா என்றேன். சீமெந்துதான் காய மறுத்தது. வெளியே நசநசவென்று விடாத மழை. வீட்டுக்கொரு ஃபேனாகக் கொண்டுவந்து தரையைப் பார்க்கத் திருப்பி வைத்தார்கள்.

தொட்டுப் பார்த்தால் கை நனையாத அளவுக்குக் காய்ந்த பிறகு பலகைகளைத் திரும்பவும் பூட்டினேன். வரிசை குழம்பி, தேக்கும் சாம்பலும் கண்டபடி விழுந்தன. போகட்டும் என்று சட்டத்தையும் அடித்து முடித்தேன்.

பிள்ளையைக் கொண்டுவரும்போது எல்லோரும் வாசலில் நின்றார்கள். அக்கா பிள்ளையை ஏந்தி வந்து படியோடு நின்றுவிட்டார். பிள்ளை குட்டி உள்ளவர்கள்தான் முதலில் உள்ளே எடுத்துப்போக வேண்டும் என்பதும் எங்கள் வழக்கம். யாரிடம் கொடுப்பது என்று அவர் சுற்றிப் பார்த்தார். மனைவி வாங்கிக்கொள்ளாமல் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுற்றி வைத்துக்கொண்டு நின்றாள்.

"நீங்களே எடுத்துக்கிட்டு வாங்கக்கா," என்றேன்.

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு வலது காலை எடுத்து வைத்தார். அறையின் நடுவே போய் நின்று காலை மெல்ல அழுத்திப் பார்த்தார்.

"குளுரல தம்பி," என்றார்.

பிள்ளையை உடனே திருப்பித் தரவில்லை. நாங்களும் கேட்கவில்லை.