தூங்காத மகளுக்கு ஒரு தலைமையுரை

சென்ற மாதம் ஒரு வாரம் இந்தப் பத்தி பாதி வாக்கியத்தில் நின்றுபோனதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். அதில் ஏதோ ஆழமான பொருள் இருப்பதாக ஒரு வாசகர் பாராட்டிக்கூட எழுதியிருந்தார். ஆழமெல்லாம் ஒன்றுமில்லை ஐயா. எழுதிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிட்டேன். தாளை வாங்க அச்சகத்திலிருந்து வந்தவர் என் கைக்கு அடியிலிருந்து அதை மெல்ல உருவிக்கொண்டு போய்விட்டார்.

காரணம் - எங்கள் வீட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் ஆள்.

தைப்பூசக் காவடி முடிந்த வாரத்தில் மகள் பிறந்தாள். பிறந்த குழந்தை எந்நேரமும் தூங்கும் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். அவளிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. விடிந்ததும் பாலைக் குடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தால் திறந்ததுதான். தோளில் சாய்ந்துகொண்டு தகரக் கூரையையே பார்ப்பாள். காலை போகும், மதியம் போகும், எங்கள் ஊர் ரோஸ் பெல்லின் கரும்புக் காட்டிலிருந்து ஆட்கள் வேலை முடிந்து திரும்புவார்கள்... இவள் பார்த்துக்கொண்டே இருப்பாள். கீழே கிடத்தினால் மட்டும் அழுகை. அதுவும் சாதாரண அழுகை இல்லை, கடைத்தெரு வரை கேட்கிற அழுகை.

எங்கள் தீவு முழுக்க, சுதந்திரம் வேண்டுமா வேண்டாமா என்று வாக்குவாதம் நடக்கிறது. எங்கள் வீட்டில் ஆட்சி ஏற்கெனவே கைமாறிவிட்டது.

குழந்தையைத் தாலாட்டித் தூங்க வைப்பதுதானே என்று கேட்பீர்கள். அங்கேதான் சிக்கல். அந்தச் சிக்கலை உண்டாக்கியவன் நான்.

என்னைத் தெரியாத புது வாசகர்களுக்கு: வாரம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சும் கணக்கும் சொல்லிக் கொடுக்கிறேன். சனிக்கிழமை கோயில் மண்டபத்தில் தமிழ் வகுப்பு. மகள் பிறந்த சந்தோஷத்தில் எங்கள் தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று ஓர் அறிவிப்புச் செய்தேன். "சித்திரை வருஷப் பிறப்பு வரை என் மகளின் காதில் தமிழைத் தவிர வேறு ஒரு சொல் விழாது." கைதட்டல் பிரமாதம். எல்லோரும் வீட்டில் பேசுகிற கிரியோலில் வாழ்த்தினார்கள்.

அறிவித்தவன் நான். மாட்டிக்கொண்டவள் என் மனைவி வள்ளி.

வள்ளிக்குத் தமிழ் கோயில் அளவுக்குத்தான் தெரியும். அவளைத் தூங்க வைத்தது, அவள் தம்பிகளை அவள் தூங்க வைத்தது, எல்லாம் கிரியோல் பாட்டுதான். அதற்குத் தடை போட்டாயிற்று. சரி, தமிழ்த் தாலாட்டு பாடலாமே? யாருக்குத் தெரியும்? தெருவில் விசாரித்தோம். காத்ர் போர்ன் ஊரில் இருக்கும் உறவுக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பினோம். ஒருவருக்கும் ஒரு வரிகூட வரவில்லை. பக்கத்து வீட்டு மதாம் ரொசலின் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர். ஆனால் அவருடைய முன்னோரும் எங்கள் முன்னோர் வந்த கப்பலில் வந்தவர்கள்தான். அவரையும் கேட்டோம்.

"எங்க வீட்டுக்கு வந்து சேர்ந்தது ரசோன் மட்டும்தான், மிஸ்யே. பாட்டு வரலை" என்றார் அவர். மிஸ்யே என்றால் ஐயா, ரசோன் என்றால் நம் ரசம்.

எப்படி வரும்? தாலாட்டுப் பாட வீட்டில் ஓர் ஆள் வேண்டும். எங்கள் முப்பாட்டிகள் விடியும் முன்னே கரும்புத் தோட்டத்தில் வரிசையில் நின்றவர்கள். கோயில் பாட்டைக் கோயில் காப்பாற்றிவிட்டது. தொட்டில் பாட்டைக் காப்பாற்ற யாருக்கு நேரம் இருந்தது? நினைத்தால் வருத்தம்தான். ஆனால் வருத்தப்பட்டால் குழந்தை தூங்குமா?

ஆகவே எனக்குத் தெரிந்த தமிழ்ப் பாட்டுகளை எடுத்தேன். ஒன்று காவடிப் பாட்டு. இன்னொன்று தீமிதிப் பாட்டு. முதலாவது, உடம்பெல்லாம் வேல் குத்தியவனை மலைமேல் ஏற வைப்பது. இரண்டாவது, மனிதனை நெருப்பில் நடக்க வைப்பது. இரண்டும் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்துவருகின்றன. என் மகளிடமும் செய்தன. கண்கள் இன்னும் அகலமாயின. கால்கள் உதைத்தன. தூளியில் கிடத்திப் பாடினால், எழுந்து மலையேறிவிடுவாள் போலிருந்தது.

மதாம் ரொசலின் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"ஆனா, மிஸ்யே, நீங்க பாபாவைத் தூங்க வைக்கிறீங்களா, ஊர்வலம் கூட்டிப் போறீங்களா?"

ஒரு நாள் மதியம் பள்ளியிலிருந்து வருகிறேன். சமையலறையில் வள்ளி ஒரு கையில் குழந்தையோடு தேநீர் வடித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே கண் மூடிக்கொண்டது. கொதிக்கும் தண்ணீர் கோப்பையைத் தாண்டிக் கீழே ஊற்றியது, அவள் பாதத்துக்குப் பக்கத்தில். ஓடிப் போய்ப் பிடித்தேன். குழந்தை வழக்கம்போல் விழித்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு அன்றைக்குத்தான் பயம் வந்தது.

டிஸ்பென்சரி நர்ஸ் சுருக்கமாகச் சொல்லிவிட்டார். அம்மா தூங்கியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் உடம்பு விழுந்துவிடும், பாலும் வற்றிப்போகும்.

வீட்டுக்கு வந்ததும் வள்ளி கேட்டாள்: "நான் நம்ம பாட்டைப் பாடட்டுமா? ஒரே ஒரு தடவை."

"பாடு" என்று சொல்லியிருக்க வேண்டும்தானே? எந்த மனிதனும் சொல்லியிருப்பான். ஆனால் பொதுக் கூட்டத்தில் கைதட்டு வாங்கியவன் மனிதன் இல்லை, தீர்மானம். "சங்கத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்" என்றேன். வள்ளி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. பத்திரிகை ஆசிரியர் அச்சிட மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சங்கமே வந்துவிட்டது. தலைவர் வேலாயுதம் முன்னால் வந்தார். கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருப்பவர், கோட்டுப் போடாமல் வாசலைத் தாண்டாதவர். பின்னால் கமிட்டி. குழந்தை இருக்கும் அறைக்குள் நுழைந்ததும் எல்லோரும் கப்சிப். ஏன் தெரியுமா? உள்ளே தமிழில்தான் பேச வேண்டும். கொஞ்ச நேரம் புன்னகை செய்தார்கள். பிறகு ஒவ்வொருவராக வராண்டாவுக்கு நழுவினார்கள். தமிழை எப்படிக் காப்பாற்றுவது என்று அங்கே கிரியோலில் சூடான விவாதம் நடந்தது. இந்தப் பத்தியில் எல்லோரும் பேசுவதைத் தமிழில் தருகிறேன், கவனித்தீர்களா? மொழிபெயர்ப்பு என்னுடையது. பேசியவர்கள் படித்தால், நாங்களா இப்படிப் பேசினோம் என்று திகைப்பார்கள்.

"தடையை எடுத்துட்டா நாளைக்கு என்ன பேசுவாங்க?" என்றார் கமிட்டிக்காரர் ஒருவர்.

"வருஷப் பிறப்பு வரைக்கும்தானே. பொறுத்துக்கட்டும்" என்றார் இன்னொருவர். அவர் நன்றாகத் தூங்கி எழுந்து வந்திருந்தார்.

தலைவர் கையை உயர்த்தினார். "நான் குழந்தைக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லி ஆசீர்வாதம் பண்ணிட்டுக் கிளம்பறேன்."

தலைவருக்குத் தமிழில் தெரிந்த நாலு நல்ல வார்த்தை எது என்று ரோஸ் பெல் முழுக்கத் தெரியும். அவருடைய தலைமையுரை. வருஷா வருஷம் அதே உரை. கட்டிலின் பக்கத்தில் நின்று, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார்.

"பேரன்பும் பெருமதிப்பும் மிக்க தலைவர் அவர்களே..."

தலைவரே அவர்தான். ஆனாலும் உரை அப்படித்தான் தொடங்கும்.

தமிழின் தொன்மைக்கு வந்தபோது மகள் கொட்டாவி விட்டாள். தமிழின் இனிமைக்கு வந்தபோது ஓர் இமை இறங்கியது. கடல் கடந்தும் காத்து நிற்கும் பண்பாட்டுக்கு வந்தபோது... தூங்கிவிட்டாள். வாய் பிளந்து, கை தளர்ந்து, அசல் தூக்கம். சுவரில் சாய்ந்திருந்த வள்ளியும் தூங்கிப்போயிருந்தாள்.

தலைவர் மூச்சு வாங்க நிறுத்தினார். குழந்தை ஒரு கண்ணைத் திறந்தது. நான் பதறிப்போய், பேசுங்கள், பேசுங்கள் என்று சைகை காட்டினேன். அவர் வாழ்க்கையில் யாரும் அவரைப் பார்த்து அந்தச் சைகை காட்டியதில்லை. அவர் கண் கலங்கிவிட்டது. "முடிவாக" என்று சொன்ன பிறகும் வெகுநேரம் பேசினார். அதுவும் வழக்கம்தான்.

"இவளுக்குத் தமிழ்னா உயிரு. எப்படி உள்ளே வாங்கிக்கிறா, பாத்தீங்களா" என்றார் வெளியே வந்து.

உண்மையைச் சொல்ல எனக்கு என்ன பைத்தியமா?

மறுநாளிலிருந்து மதியம் கடையை மூடிவிட்டு, சாப்பிட்ட கையோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். கோட்டுப் பொத்தான், பேரன்பு, பெருமதிப்பு, தொன்மை, தூக்கம். முதல் வாரம் வள்ளியும் கூடவே தூங்கினாள். கன்னத்தில் கொஞ்சம் ரத்தம் ஊறியது. பிறகு பக்கத்தில் உட்கார்ந்து துணி மடிப்பாள். உதடு மட்டும் அசையும். ஏதோ சாமிப் பாட்டை முணுமுணுக்கிறாள் என்று நினைத்தேன். நினைத்துவிட்டு, பள்ளி விட்டு வந்த நானும் நாற்காலியில் தூங்கிவிடுவேன்.

வருஷப் பிறப்பு வந்தது. தலைவர் ஒரு யோசனையோடு வந்தார். மேடையில் வள்ளியும் குழந்தையும் உட்கார வேண்டும். தமிழிலேயே வளரும் குழந்தை தமிழுரையை எப்படிக் கேட்கிறது என்று ஊர் பார்க்க வேண்டும்.

நான் என்ன சொல்வது? சரி என்றேன். சரி என்று சொல்லியே கெட்டவன் நான்.

மண்டபம் நிறைந்திருந்தது. அன்று மதிய விருந்துக்குச் சமைத்த பெண்கள்கூட, எங்கள் குழந்தையைப் பார்க்கவென்று ஈரக் கையோடு வந்து பின்னால் நின்றார்கள். மகள் கண்ணை அகலமாகத் திறந்து கூட்டத்தைப் பார்த்தாள். தலைவர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார். தொன்மைக்குக்கூட வரவில்லை. பெருமதிப்பிலேயே தூங்கிவிட்டாள்.

முன் வரிசையில் ஒருவர் சிரித்தார். தலைவர் திரும்பிப் பார்த்தார், பேச்சு நின்றது. உடனே அழுகை. அவசரமாக இரண்டு வரி பேசினார். அழுகை நின்றது, கண் மூடியது. நிறுத்தினார். மறுபடி அழுகை. இப்போது மண்டபமே சிரித்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. இத்தனை வருஷமாக மண்டபம் என்ன செய்துகொண்டிருந்தது என்பதும் சேர்ந்து புரிந்துவிட்டது. மைக்கைப் பிடித்திருந்த கை இறங்கியது. தினமும் கடையை மூடிவிட்டு வந்த மனிதர் அவர். குழந்தை வீறிட்டுக்கொண்டே இருந்தது.

வள்ளி எழுந்தாள். குழந்தையைத் தோளில் போட்டு மெல்ல ஆட்டினாள். தலைவர் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள்.

தொன்மை. இனிமை. கடல் கடந்த பண்பாடு. ஒரு சொல் விடாமல். மேடைக் குரலில் இல்லை, காதோரம் சொல்கிற குரலில். மைக் பக்கத்தில் இருந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்டது. சிரிப்பு அடங்கியது. அவள் "முடிவாக" என்று சொன்னாள். வழக்கமாக அந்த இடத்தில் ஆண்கள் செருப்பைத் தேடக் கிளம்புவார்கள். அன்று ஒருவர் எழவில்லை. முடிவுக்குப் பிறகு அந்த உரையில் என்ன இருக்கிறது என்று அன்றைக்குத்தான் நானே முதன்முதலாகக் கேட்டேன். நன்றி இருந்தது. மண்டபம் பெருக்கிய சகோதரிகளுக்கு. வாழை இலை நறுக்கிய சகோதரிகளுக்கு. அடுப்படியில் நின்று, இந்தக் கூட்டத்தில் உட்கார முடியாமல் போன சகோதரிகளுக்கு.

வருஷா வருஷம் சொல்லியிருக்கிறார் மனிதர். விழித்திருந்து கேட்டவர் யாரும் இல்லை. யாரைப் பற்றிச் சொன்னாரோ அவர்கள் மண்டபத்திலேயே இருந்ததில்லை.

பின்னால் நின்ற பெண்களில் பாதிப் பேருக்குப் புரிந்திருக்காது. புரிந்தவர்கள் புரியாதவர்களின் காதில் கிரியோலில் சொன்னார்கள். தலைவர் கோட்டுப் பொத்தானைக் கழற்றினார், மறுபடி போட்டார். பிறகு வள்ளியிடம் போய்த் தாழ்ந்த குரலில் சொன்னார்: "நல்லா சொன்னேம்மா. என்னைவிட."

வீட்டுக்கு நடந்து வரும்போது வள்ளி கேட்டாள்: "கடைசியில வர்றதுக்கு என்ன அர்த்தம்? தினமும் சொல்றாரே." சொன்னேன். "அடுப்படியில நின்னுக்கிட்டு, பேச்சு முடியலையேன்னு அவரைப் போய் எத்தனை வருஷமாத் திட்டியிருக்கோம்" என்றாள்.

வருஷப் பிறப்போடு தடை முடிந்தது. மறுநாளே மதாம் ரொசலின் ஆசையோடு வந்தார். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, நல்ல குரலில் கிரியோல் தாலாட்டுப் பாடினார். கேட்ட எனக்கே கண் சொக்கியது. மகள் கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இன்னொரு பாட்டு பாடினார். அதற்கும் கண் மூடவில்லை.

இப்போது தலைவருக்குக் கடையில் வேலை அதிகம், தினமும் வர முடிவதில்லை. கவலை இல்லை. மதியம் எங்கள் வேலிப் பக்கம் வந்தால் நீங்களே கேட்கலாம். ஒரு தமிழ் எழுத்துக்கூடத் தெரியாத மதாம் ரொசலின், கழுத்தில் சிலுவையோடு, என் மகளைத் தட்டிக்கொடுத்து மெல்லிய குரலில் பாடுகிறார்:

"பேரன்பும் பெருமதிப்பும் மிக்க தலைவர் அவர்களே..."